அலையில்லா நீரில் துள்ளும் படகு

வட அமெரிக்காவில் விஸ்கான்சின், மினசோட்டா ஆகிய மாநிலங்கள் ஏரிகளுக்குப் பேர்போனவை. அங்கே கோடைக்காலத்துக் காலைப் பொழுதில், காற்று இன்னும் எழாமல், சிற்றலைகூட இல்லாமல் நீர் அசைவற்றுக் கிடக்கும் வேளையில், பின்பலகையில் சிறியதொரு மோட்டாரைப் பூட்டிக்கொண்டு, தனியாள் ஒருவர் பின்னிருக்கையில் அமர்ந்து செலுத்த, பதினான்கடி அலுமினியப் படகொன்று விரைந்து செல்வதைக் கரையிலிருந்து காண்பவர் சில சமயம் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கலாம். படகின் அணியம், அதாவது முன்முனை, மெல்ல மேலெழுகிறது. எழுந்தது அப்படியே நிற்காமல் தொப்பென்று விழுகிறது. விழுந்த வேகத்திலேயே மீண்டும் எழுகிறது. இரண்டாவது எழுச்சி முதலாவதைவிடப் பெரியதாகவும், மூன்றாவது இரண்டாவதைவிடப் பெரியதாகவும் வளர்ந்து, நொடிக்கு ஒன்று என்கிற கணக்கில் தாளம் தவறாமல் நடக்கும் அந்தக் குதியாட்டத்தில், படகோட்டியின் முதுகெலும்பு படும் பாட்டை அவர் முகமே சொல்லிவிடும். அவர் விசையைக் குறைக்கிறார்; துள்ளல் நின்றுவிடுகிறது. மறுபடி விசையைக் கூட்டுகிறார். குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டியதும், சொல்லிவைத்தாற்போல அது மீண்டும் தொடங்குகிறது.

அலையில் மோதிப் படகு துள்ளுவது வேறு, இது வேறு. அலையால் வரும் துள்ளலுக்குக் காரணம் வெளியே இருக்கிறது. அதன் தாளமும் அலையின் தாளமே. அலை ஓய்ந்தால் அதுவும் ஓயும். அலையற்ற நீரில் எழும் துள்ளலோ படகு தனக்குத்தானே விளைவித்துக்கொள்வது. அதற்கு வேண்டிய சக்தி மோட்டாரிலிருந்து வருகிறது. அதன் தாளத்தையோ படகின் எடையும் அதைத் தாங்கும் நீரின் அழுத்தமும் தங்களுக்குள் வகுத்துக்கொள்கின்றன. இந்தப் பேதத்தை உணராதவர்கள் மோட்டார் பழுதென்று நினைத்து மெக்கானிக்கிடம் போகிறார்கள். அல்லது கடையில் விற்கிற, மோட்டாரில் பூட்டும் ஏதேனும் ஓர் இறக்கையை வாங்கி வந்து மாட்டிவிட்டு அதிருஷ்டத்தை எதிர்பார்க்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், காசு செலவில்லாத பரிகாரங்களே இதற்குப் பெரும்பாலும் போதுமானவை. ஆனால் அவற்றில் எதைக் கையாளுவது என்று நிர்ணயிக்குமுன், ஓடுகிற படகை நீர் எந்த இடத்தில் தாங்கிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும் படகை நீர் தாங்குவது எப்படி என்பது ஆர்க்கிமிடீஸ் காலந்தொட்டு உலகம் அறிந்த செய்தி: படகு எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தாங்குகிறது. மெதுவாகப் போகும் படகுக்கும் இதுவே விதி. ஆனால் வேகம் கூடக் கூட, படகு தன்னைச் சுற்றித் தானே ஓர் அலையை எழுப்பிக்கொள்கிறது. அந்த அலையின் நீளம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகி, படகு தன் அலையின் பள்ளத்தில் தானே சிக்கிக்கொண்டாற்போல் ஆகிவிடுகிறது. 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்கீ நகரில் தம் வீட்டருகே ஒரு நீண்ட தொட்டியைக் கட்டி, அதில் கப்பல் மாதிரிகளை இழுத்து இழுத்து அளந்த வில்லியம் ஃபுரூட் என்ற பொறியியலாளர் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டார். பதினான்கடிப் படகு ஒன்றில் நீரைத் தொடும் நீளம் ஏறக்குறைய நான்கு மீட்டர் என்று கொண்டால், அது சிக்கிக்கொள்ளும் வேகம் மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்தான். துடுப்புப் படகும் பாய்மரப் படகும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே வாழ்ந்து முடிந்துவிடுகின்றன.

பின்பலகையில் பூட்டும் மோட்டாரைப் பெருவாரியான மக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் குடியேறிய ஓலே எவின்ரூட். கோடை வெயிலில் தம் காதலிக்காக ஏரியின் மறுகரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கிவரத் துடுப்புப் போட்டுச் சென்றவர், திரும்புவதற்குள் அது உருகிப்போன எரிச்சலில்தான் மோட்டாரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. உண்மையோ பொய்யோ, நல்ல கதை. மில்வாக்கி நகரில் 1909இல் அவர் செய்த மோட்டாரின் வலிமை ஒன்றரைக் குதிரைச் சக்தி. அவ்வளவு சொற்ப வலிமை படகைத் தன் அலைப்பள்ளத்திலிருந்து வெளியே இழுத்துவிடப் போதாது; ஆகையால் எவின்ரூடின் முதல் வாடிக்கையாளர்களுக்கு நாம் பேசுகிற உபத்திரவம் தெரிந்திருக்க நியாயமில்லை. மோட்டார்கள் பத்தும் இருபதும் குதிரைச் சக்தியாக வளர்ந்து, படகு தன் அலையின் முகட்டின்மேல் ஏறி நீர்ப்பரப்பின் மீது வழுக்கிச் செல்லும் நிலையை எய்திய பிறகுதான் இந்தத் துள்ளல் சாமானியரின் பிரச்சினையாயிற்று.

வழுக்கிச் செல்லும் நிலையில் படகின் எடையைச் சுமப்பது விலக்கப்பட்ட நீரன்று, அடிப்பாகத்தில் வந்து மோதுகிற நீரின் வேகமே. சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த அடிப்பலகை, எதிரே வரும் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நீர் அதற்குப் பதிலாகப் படகை மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்த அழுத்தம் அடிப்பாகம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதே நம் விஷயத்தின் மர்மம். நீர் முதன்முதலில் படகைத் தொட்டுச் சிதறுகிற குறுகிய விளிம்பில் அது உச்சத்தில் நிற்கிறது. மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடத்து அழுத்தம் சதுர மீட்டருக்கு ஐந்து டன்னையும் தாண்டும். அங்கிருந்து பின்னோக்கிப் போகப் போக வேகமாகக் குறைந்து, பின்பலகையின் விளிம்பில் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. ஆகவே இந்த அழுத்தங்களையெல்லாம் கூட்டி ஒரே விசையாகக் கருதினால், அது படுகிற புள்ளி, அதாவது அழுத்த மையம், நனைந்த நீளத்தின் நடுவில் இராது. வேகம் மிகுந்த நிலையில், பின்பலகையிலிருந்து அளந்தால், நனைந்த நீளத்தின் முக்கால் பங்கு தூரத்தை ஒட்டியே அமைகிறது.

படகு சீராக ஓட வேண்டுமானால் அழுத்த மையமும் படகின் எடை மையமும், மோட்டாரின் உந்துதலால் வரும் சிறு திருத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்றாக நிற்க வேண்டும். எடை மையம் பின்பலகையிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால், அதை முக்காலால் வகுக்க, நனைந்த நீளம் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகம் என்று கிடைக்கிறது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகு, அதில் மூன்றில் ஒரு பங்கை மாத்திரம் நீரில் ஊன்றிக்கொண்டு, மீதியைக் காற்றில் நீட்டியபடி பறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்துக்கு இது நல்லதே, ஏனெனில் நனையும் பரப்பு குறைந்தால் உராய்வும் குறையும். ஆனால் ஸ்திரத்தன்மைக்கு இது நல்லதன்று.

ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓடுகிற படகின் அணியம் ஏதோ ஒரு காரணத்தால் இம்மி அளவு உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்பலகையின் சாய்வு அதிகமாகிறது. அதனால் நீரின் தாங்குவிசை கூடி, படகு முழுவதுமாகச் சற்று மேலெழுகிறது. மேலெழுந்ததும் நனைந்த நீளம் சுருங்குகிறது. சுருங்கியதும் அழுத்த மையம் பின்வாங்கி எடை மையத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. தாங்குவார் இல்லாத முன்பக்கம் கீழே சாய்கிறது. சாயும்போது சாய்வுக் கோணம் குறைந்து, தாங்குவிசையும் குறைந்து, படகு நீரில் அமிழ்கிறது. அமிழ்ந்ததும் நனைந்த நீளம் நீண்டு, அழுத்த மையம் எடை மையத்துக்கு முன்னால் ஓடி, அணியத்தை மறுபடி மேலே தூக்குகிறது. ஒவ்வோர் அசைவும் தன்னைத் திருத்திக்கொள்ளத்தான் முயல்கிறது. ஆனால் எடையுள்ள பொருள் எதுவும் கட்டளையிட்ட கணத்திலேயே நின்றுவிடுவதில்லையாதலால், திருத்தம் எப்போதும் ஒரு கணம் தாமதித்தே வந்து சேர்கிறது. ஏறியிறங்கும் அசைவும் தலையசைக்கும் அசைவும் ஒரே சமயத்தில் உச்சம் தொடாமல் ஒன்றையொன்று துரத்துகின்றன. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி குறிப்பிட்ட ஓர் அளவை எட்டும்போது, ஒவ்வொரு சுற்றிலும் நீர் படகின் அசைவிலிருந்து எடுத்துக்கொள்ளும் சக்தியைவிட அதற்குக் கொடுக்கும் சக்தி அதிகமாகிவிடுகிறது. அப்புறம் துள்ளல் வளராமல் என்ன செய்யும்?

நனைந்த நீளம் குறுகியிருந்தால் ஏன் இது எளிதில் நேர்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். படகு சற்று மேலெழுவதால் நனைந்த நீளம் ஒரு சாண் குறைகிறது என்றால், அது ஒன்றேகால் மீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். சிறிய சலனத்துக்குப் பெரிய பதில் கிடைக்கும் அமைப்பு எதுவும் அமைதியாக இருப்பதில்லை. மேலும் அசைவுகளை அடக்கித் தணிக்கும் வேலையைச் செய்வது நனைந்த பரப்புத்தான். அது குறையக் குறைய அடக்குவாரும் இல்லை.

இந்த விஷயத்தை முதலில் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர்கள் படகு கட்டுகிறவர்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. நீரிலிருந்து கிளம்பும் விமானங்கள், பறக்குமுன் நீர்மேல் வழுக்கி ஓடும்போது இதே துள்ளலுக்கு ஆளாயின. அங்கே அது முதுகுவலியோடு போகிற சங்கதியன்று, உயிரைக் குடிக்கும் ஆபத்து. 1933இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்ரிங், கிளாவர்ட் என்ற இரு விஞ்ஞானிகள், வழுக்கி ஓடும் நீர்விமானத்தின் ஸ்திரத்தன்மையைச் சமன்பாடுகளில் அடக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்து லாங்லியில் 1931இல் திறக்கப்பட்ட மிக நீண்ட சோதனைத் தொட்டியிலும் இதே ஆராய்ச்சி வெகு விரிவாக நடந்தது. சிறு படகுகளுக்கு இந்த அறிவு வந்து சேர மேலும் இருபது ஆண்டுகளாயின. நியூயார்க்கிலுள்ள வெப் கல்விக்கூடத்தில் கப்பற்கட்டுமானம் பயின்ற டே, ஹாக் என்ற இரு மாணவர்கள், 1952இல் தங்கள் ஆய்வேட்டுக்காகச் சிறு மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து, எந்தச் சாய்வில், எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில் துள்ளல் தொடங்குகிறது என்று அளந்து வரைபடமாக்கினார்கள். ஹோபோக்கன் நகரின் ஸ்டீவன்ஸ் கல்விநிலையத்தில் பணியாற்றிய டேனியல் சாவிட்ஸ்கி, 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அந்த வரைபடத்தை எடுத்தாண்டபின் அது உலகப் பிரசித்தி பெற்றது. நான் மேலே சொன்ன முக்கால் பங்கு என்ற கணக்கும் அந்தக் கட்டுரையின் சூத்திரத்திலிருந்து பெறப்படுவதே. மாணவர் இருவரின் ஆய்வேடு அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பொறியியலாளரின் மேசைமேல் கிடக்கிறது என்பது எல்லா ஆய்வேடுகளுக்கும் வாய்க்கிற பாக்கியமன்று.

அவர்கள் கண்டது சுருக்கமாக இதுதான். குறிப்பிட்ட பாரமும் வேகமும் உள்ள படகுக்கு, அதன் சாய்வுக் கோணத்தில் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை மீறி அணியம் உயர்ந்தால் துள்ளல் வரும். வேகம் கூடக் கூட இந்த எல்லை கீழே இறங்குகிறது. ஆகையால்தான் மெதுவாகப் போகும்போது சாதுவாக இருக்கும் படகு, விசையைக் கூட்டியதும் முரண்டு பிடிக்கிறது. தட்டையான அடிப்பாகத்துக்கு எல்லை தாழ்வாகவும், ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் ஆழ்ந்துள்ள அடிப்பாகத்துக்கு எல்லை உயர்வாகவும் இருக்கிறது. 1960இல் மயாமியிலிருந்து நாசோ வரை நடந்த கடற்பந்தயத்தில், ரே ஹன்ட் வரைந்த ஆழ்ந்த ‘வி’ அடியுடைய, ரிச்சர்ட் பெர்ட்ராமின் ‘மோப்பி’ என்ற படகு வாகை சூடிய நாளிலிருந்து அந்த வடிவத்துக்குக் கடலில் பெருமதிப்பு உண்டு. எனினும் ஏரியில் மீன் பிடிக்கும் பதினான்கடிப் படகுக்கு அது பொருந்தாது. அவ்வடிவத்தை வழுக்க வைக்க அதிக வலிமை வேண்டும், நின்றுகொண்டு தூண்டில் வீசும்போது அது பக்கவாட்டில் ஆடும். எனவே சிறு படகுகளின் பின்பாதியைத் தட்டையாகவே செய்கிறார்கள். அதற்கான விலையைத் துள்ளலாகக் கொடுக்கிறார்கள்.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். நீர் அமைதியாக இருக்கும் நாளில், மற்றோர் ஆளைக் கூட அழைத்துக்கொண்டு, துள்ளல் தொடங்கும் வேகம்வரை படகைக் கொண்டுபோய், பிறகு வேகத்தைக் குறைத்து அவரை நடுவிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு மாறச் சொல்லி, அதே வேகத்துக்கு மறுபடி போய்ப் பார்ப்பதைவிடச் சிறந்த பரீட்சை வேறில்லை. ஆள் மாறியதும் துள்ளல் மறைந்துவிட்டால், நோயின் வேர் எடைப் பங்கீட்டில் இருக்கிறது என்பது நிச்சயம். ஓடும்போது மாறச் சொல்லக் கூடாது; துள்ளும் படகிலிருந்து ஆள் தூக்கியெறியப்படுவது உண்டு, ஓட்டுபவரே எறியப்பட்டால் ஆளில்லாத படகு சுழன்று சுழன்று அவரை நோக்கியே திரும்பி வருவதும் உண்டு. அதனால்தான் மோட்டாரை நிறுத்தும் விசையோடு ஒரு கயிற்றால் தன்னைப் பிணைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று, 26 அடிக்கு உட்பட்ட படகுகளுக்கு அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் சட்டமே வந்திருக்கிறது. மலிவான கயிறு அது. துள்ளலை ஆராயப் புறப்படுகிறவர் அதை முதலில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது நல்லது.

அடுத்தது மோட்டாரின் சாய்வு. சிறிய மோட்டார்களில், பின்பலகையைப் பற்றிப் பிடிக்கும் சட்டத்தில் வரிசையாகச் சில துளைகளும், அவற்றில் ஒன்றில் செருகிய ஒரு குறுக்காணியும் இருக்கும். மோட்டாரின் கால் அந்த ஆணியின்மேல் சாய்ந்து நிற்கிறது. கால் பின்பலகையைவிட்டு விலகி வெளியே நீண்டிருந்தால், உந்துவிசை படகின் பின்புறத்தைக் கீழே அழுத்தி அணியத்தை உயர்த்தும். கால் பின்பலகையை ஒட்டி உள்வாங்கியிருந்தால் பின்புறத்தை உயர்த்தி அணியத்தைத் தாழ்த்தும். ஆணியை ஒரு துளை உள்ளே மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாங்கிய நாளில் கடைக்காரர் செருகிய துளையிலேயே ஆணியை விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் துள்ளிக்கொண்டு திரிகிற படகுகள் எத்தனையோ. சற்றுப் பெரிய மோட்டார்களில் இந்த வேலையை ஒரு பொத்தானே செய்துவிடுகிறது.

ஆணியால் தீராதது எடையால் தீரும். எண்களை வைத்துப் பார்ப்பதே இங்கே தெளிவு. வெறும் படகு 100 கிலோ, அதன் எடை நடுப்பகுதியில். மோட்டார் 50 கிலோ, பின்பலகைக்கும் பின்னால் தொங்குகிறது. ஓட்டுபவர் 80 கிலோ, பின்னிருக்கையில். பெட்ரோல் தொட்டியும் மின்கலமும் சேர்ந்து 40 கிலோ, வசதி கருதி அவர் காலடியில். தூண்டில் முதலிய சாமான்கள் 30 கிலோ. மொத்தம் 300 கிலோ. ஒவ்வொன்றின் தூரத்தையும் எடையால் பெருக்கிக் கூட்டி வகுத்தால், எடை மையம் பின்பலகையிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் வந்து நிற்கிறது. இப்போது அந்த 40 கிலோவை மாத்திரம் எட்டடி முன்னால் தள்ளி வைத்தால், எடை மையம் 32 சென்டிமீட்டர் முன்னேறுகிறது. நனைந்த நீளம் ஒன்றேமுக்கால் மீட்டராகிறது. ஓட்டுபவர், மோட்டாரின் கைப்பிடியில் ஒரு நீட்டுக்குழாயைப் பொருத்திக்கொண்டு, இரண்டடி முன்னால் தள்ளி உட்கார்ந்தால் இன்னும் 16 சென்டிமீட்டர். நனைந்த நீளம் இரண்டு மீட்டரை நெருங்கிவிட்டது. எரிபொருளுக்கு ஒரு நீண்ட குழாயும், மின்கலத்துக்குத் தடித்த கம்பியும், கைப்பிடிக்கு ஒரு நீட்டுக்குழாயும் வாங்கும் செலவுதான் இதற்கெல்லாம்.

பழைய இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே வலிமையுள்ள நான்குவீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) மோட்டாரைப் பூட்டிய பிறகு துள்ளல் தொடங்கியதென்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியத்துக்கு இடமில்லை. பதினைந்து குதிரைச் சக்தியில், முன்னது 36 கிலோ அளவில் இருக்கும். பின்னது 50 கிலோவை எட்டும். மிகைபடும் பதினான்கு கிலோவும் படகின் மிகக் கடைசிப் புள்ளியில் போய் உட்காருகிறது. 1972க்குப் பிறகு அமெரிக்காவில் செய்யப்பட்ட, இருபதடிக்கு உட்பட்ட படகுகளில், எத்தனை குதிரைச் சக்தி மோட்டாரும் எவ்வளவு எடையும் தாங்கும் என்று பொறித்த தகடு ஒன்று பதித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு மோட்டார் வாங்குகிறவர் அபூர்வம்.

எடையைச் சீர்செய்தும் துள்ளல் நிற்கவில்லையென்றால், படகைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஐந்தடி தூரம், ஏராவுக்கு, அதாவது நடுமுதுகுக் கட்டைக்கு இணையாக, ஒரு நேரான மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால், இடையில் வெளிச்சம் தெரியாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பலகையின் நடுப்பகுதி தொட்டு, பின்விளிம்பில் இடைவெளி தெரிந்தால், அடிப்பாகம் வெளிப்புறமாகக் குவிந்திருக்கிறது. அந்தக் குவிவு எட்டில் ஓர் அங்குலமே ஆனாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது. குழாயிலிருந்து விழும் நீரின் பக்கவாட்டில் ஒரு கரண்டியின் முதுகை மெல்லக் கொண்டுபோனால், நீர் அதைத் தள்ளிவிடுவதற்குப் பதிலாகத் தன்பால் இழுத்துக்கொள்வதை யாரும் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். குவிந்த பரப்பை ஒட்டி வளைந்து ஓடும் நீரில் அழுத்தம் குறைவதால் ஏற்படும் ஈர்ப்பு அது. படகின் அடியிலும் அதுவே நடக்கிறது: பின்முனை கீழே உறிஞ்சப்படுகிறது, அணியம் மேலே கிளம்புகிறது, ஆணியாலும் எடையாலும் செய்த திருத்தமெல்லாம் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டியதாகிறது. படகை ஏற்றிச் செல்லும் வண்டியில் முழுப் பாரமும் ஒரே ஓர் உருளையின்மேல் விழும்படி விட்டுவைத்தாலும் அலுமினியத் தகடு உருமாறும். தாங்குகட்டைகள் பின்பலகைவரை எட்டாமல் முன்னரே முடிந்துவிட்டால், மோட்டாரின் பாரத்தால் பின்முனை கீழே தொய்ந்து நேர்மாறான வளைவு உண்டாகும். அது துள்ளலைத் தராது, அணியத்தை நீரில் புதைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாரமும் உண்டு. மூழ்காமல் இருப்பதற்காகச் சிறு படகுகளின் தரைப்பலகைக்கு அடியில் நுரைப்பொருளை நிரப்புகிறார்கள். புதிதாக இருக்கும்போது நீரை ஏற்காத அந்த நுரை, பல ஆண்டுகள் ஈரத்திலும் பனியிலும் கிடந்து உள்ளுக்குள் நீரை ஊறவிட்டுக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஐம்பது லிட்டர் ஊறியிருந்தால் இன்னொரு மோட்டாரைச் சுமப்பதற்குச் சமம். ஊறாமல் தேங்கிக் கிடக்கும் நீரோ இன்னும் பொல்லாதது, ஏனெனில் அணியம் உயர்ந்ததும் அது பின்னோக்கி ஓடி, துள்ளலுக்குத் துணைபோகிறது. படகை வண்டியோடு எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் குறித்த எடையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். இப்படி ஊறிப்போன நுரையைப் பெயர்த்தெடுப்பது வேர்வை சிந்தும் வேலை. ஆனால் அந்தப் படகுக்கு வேறெந்த வைத்தியமும் பலிக்காது.

மோட்டாரின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரொப்பெல்லருக்கு மேலே கிடைமட்டமாக நீண்டிருக்கும் தகடு, காற்று உள்ளே புகாமல் காப்பதற்கானது. அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். பதினைந்து அங்குலப் பின்பலகையில் இருபது அங்குல மோட்டாரை மாட்டினால், உந்துவிசை அளவுக்கு மீறி ஆழத்தில் இயங்கி, அணியத்தைத் தூக்கும் நெம்புதலை அதிகமாக்கும். புரொப்பெல்லரின் இலைகள் பின்னோக்கிச் சாய்ந்த அளவும் இப்படியே அணியத்தை உயர்த்தும். நான்கு இலையுள்ளது பொதுவாகப் பின்புறத்தை உயர்த்தும். இவையெல்லாம் இரண்டாந்தரக் காரணங்கள்.

கடைசியாகத்தான் கடையில் விற்கும் சாதனங்கள். அவை பயனற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. மோட்டாரின் தகட்டில் பூட்டும் இறக்கை பின்புறத்துக்குத் தாங்குவிசை தருகிறது, ஆனால் பல வகைகளுக்குத் தகட்டில் துளையிட வேண்டியிருக்கும். பின்பலகையின் அடியில் ஒட்டிவைக்கும் மெல்லிய ஆப்பும், பின்னால் கீல்போட்டு மாட்டும் தகடுகளும், கடந்துபோகும் நீரைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பி அதே வேலையைச் செய்கின்றன. கீல்தகடுகள் தாங்குவதோடு நில்லாமல் அசைவைத் தணிக்கவும் செய்வதால், இந்த மூன்றில் எனக்குப் பிடித்தமானவை அவையே. ஆட்சேபம் ஒன்றுதான்: குவிந்த அடியையும் ஊறிய நுரையையும் பின்னால் குவித்த பாரத்தையும் அப்படியே விட்டுவிட்டு இவற்றை மாட்டுகிறவர், துள்ளலுக்குக் காரணமான குறையை உராய்வு என்ற வரியாக மாற்றிப் பெட்ரோலில் கட்டிக்கொண்டே போகிறார்.

அளவுக்கு மீறிய திருத்தத்துக்கும் அஞ்ச வேண்டும். அணியம் தாழ்ந்துபோனால் துள்ளல் நிற்கும், வாஸ்தவந்தான். ஆனால் அப்போது படகின் கூர்மையான முன்பகுதி நீரை உழுதுகொண்டு போக, பின்புறம் பிடிமானமிழந்து, கைப்பிடி கனத்து, பின்னாலிருந்து ஓர் அலை வந்து தள்ளும் தருணத்தில் படகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பிக் கவிழக்கூடும். துள்ளலைவிட இது பன்மடங்கு மோசமானது. ஆகையால் துள்ளல் மறைகிற இடத்துக்குமேல் ஒரு துளைகூடக் கூடுதலாக ஆணியை உள்ளே தள்ளக் கூடாது. மேலும், தனியாக ஓட்டும்போது சரியாக அமைத்த ஆணி, முன்னிருக்கையில் நண்பர் ஒருவர் ஏறி உட்கார்ந்த அன்றைக்கு அதிகப்படியாகிவிடும். அவரைக் கரையில் இறக்கிவிட்டால் பழைய துளைக்கே மாற்ற வேண்டியிருக்கும். பெட்ரோல் தீரத் தீர முன்னால் வைத்த தொட்டியின் எடையும் குறைந்துகொண்டே வருமாதலால், காலையில் அமைதியாகப் போன படகு மாலையில் திரும்பி வரும்போது ஒன்றிரண்டு முறை தலையசைத்தால், ஓட்டுபவர் விசையை ஓர் இழை தளர்த்திக்கொண்டு வந்தால் போதும்.